பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் பிரிவைத் திருத்தியமைக்க முதலில் கைவைக்க வேண்டிய இடம் எது?

கேள்வி: கொங்கு மண்டலத்தில் உள்ள ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகப் பணிபுரிகிறேன். முன்னாள் மாணவர் உறவுக்கான புதிய அமைப்பை வகுத்துக் கொடுக்கும் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். சங்கம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் ஆண்டுக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். தனி அலுவலகம் வேண்டுமா, மென்பொருள் வாங்கலாமா, பழைய சங்கத்தை என்ன செய்வது, நன்கொடையை எப்போது கேட்பது?

பதில்: உங்கள் நான்கு கேள்விகளுக்கும் முன்னால் நிற்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் யார் என்பதைக் குழு முதலில் முடிவு செய்ய வேண்டும். இது கேலியாகக் கேட்பதல்ல. இணைவுக் கல்லூரிகளைக் கொண்ட மாநிலப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் தடுமாறி நிற்பது இந்த இடத்தில்தான்.

பட்டச் சான்றிதழில் இருப்பது பல்கலைக்கழகத்தின் முத்திரை. மாணவர் மூன்றாண்டு வாழ்ந்ததோ கல்லூரியில். கோபிசெட்டிபாளையத்திலோ உடுமலைப்பேட்டையிலோ பி.காம். படித்தவர் பல்கலைக்கழக வளாகத்தை ஒருமுறைகூட மிதித்திருக்க மாட்டார். அவருக்கு நினைவிருப்பது கல்லூரிக்குப் போன டவுன் பஸ், கணக்குப்பதிவியல் நடத்திய ஆசிரியர், விடுதிச் சாப்பாடு ஆகியவைதான். பல்கலைக்கழகம் அவருக்குத் தேர்வு முடிவு வெளியான இணையதளம் மட்டுமே. அவரிடம் போய் ‘நம் தாய்ப் பல்கலைக்கழகம்’ என்று அழைப்பிதழ் அனுப்பினால் அது யாருடைய தாய் என்று அவர் யோசிப்பதில் தவறில்லை.

இந்த வட்டாரத்தின் கல்வி வரலாறு சிக்கலை இன்னும் ஒரு சுற்று இறுக்குகிறது. கோவையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை மையம் இருந்த இடத்தில் 1982இல் பாரதியார் பல்கலைக்கழகம் தோன்றியது. சேலம், நாமக்கல் பகுதிகளுக்கு 1997இல் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது. அதற்கு முன் இந்தக் கல்லூரிகளில் படித்தவர்கள் அனைவரும் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள். பொறியியல் கல்லூரிகள் அதன் பிறகும் கைமாறின. 1945இல் தொடங்கிய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1979இல் படிப்பை முடித்தவரிடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டம் இருக்கும். 1996இல் முடித்தவரிடம் பாரதியார் பல்கலைக்கழகத்தின் பட்டம். 2006இல் முடித்தவரிடம் அண்ணா பல்கலைக்கழகத்தின் பட்டம். பிறகு 2007இல் கோவைக்கெனத் தனி அண்ணா பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டு, சில ஆண்டுகளில் மீண்டும் பழையதோடு இணைக்கப்பட்டது. மருத்துவம், சட்டம், கல்வியியல் ஆகிய துறைகளும் இதுபோலவே தத்தமக்கென அமைந்த பல்கலைக்கழகங்களுக்குப் போய்விட்டன. ஒரே கட்டடத்தில், ஒரே ஆய்வகத்தில், சில வேளைகளில் ஒரே ஆசிரியரிடம் படித்த மூன்று தலைமுறையினர் காகிதத்தில் மூன்று பல்கலைக்கழகங்களுக்கு உரியவர்கள். மூவரும் தங்களைக் கல்லூரியின் பெயரால் மட்டுமே சொல்லிக்கொள்வார்கள், அதுதான் இயல்பும்கூட.

ஆகவே உங்கள் முன்னாள் மாணவர்களை மூன்று வட்டங்களாகப் பிரித்துப் பார்க்கும்படி சொல்வேன். முதல் வட்டம், வளாகத்துத் துறைகளில் முதுநிலையும் ஆய்வும் முடித்தவர்கள். எண்ணிக்கையில் சிறியது, உறவில் நெருக்கமானது. இங்கே பல்கலைக்கழகம் தானே முன்னின்று நடத்தலாம். இரண்டாம் வட்டம், இணைவுக் கல்லூரிகளின் பட்டதாரிகள். இங்கே முன்னிற்க வேண்டியது கல்லூரிதான். பல்கலைக்கழகம் அதற்குத் தரவு, சான்றிதழ்ச் சேவை, சட்ட உதவி ஆகியவற்றைக் கொடுத்துப் பின்னால் நிற்க வேண்டும். கல்லூரிச் சங்கங்களைத் தன் கிளைகளாக அறிவித்துக்கொள்ளும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. அப்படி அறிவித்த மறுநாளிலிருந்து அவை எதையும் பகிர்ந்துகொள்ள மாட்டா. மூன்றாம் வட்டம், தொலைநிலைக் கல்வியில் படித்தவர்கள். இவர்களை யாரும் முன்னாள் மாணவராக நினைப்பதே இல்லை. ஆனால் பள்ளி ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், காவல்துறையினர், மில்லில் ஷிப்டு பார்த்துக்கொண்டே பட்டம் முடித்த மேற்பார்வையாளர்கள் என்று இந்த ஊர்களிலேயே வேரூன்றி வாழ்கிறவர்கள் இவர்கள்தான். இவர்களுக்குச் சொந்தம் கொண்டாட வேறு கல்லூரி கிடையாது. பல்கலைக்கழகத்தின் பெயர் ஒன்றே உண்டு. கூப்பிட்டால் வரக்கூடியவர்களைக் கூப்பிடாமலேயே விட்டிருக்கிறோம் என்பது என் கணிப்பு.

1906இல் கோவை லாலி சாலைக்கு வந்த வேளாண்மைக் கல்லூரியை வேராகக் கொண்டு 1971இல் பல்கலைக்கழகமான தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே கல்லூரியும் பல்கலைக்கழகமும் ஒன்று. விடுதி வாழ்க்கை நீண்டது. படித்தவர்களும் ஒரே தொழில் உலகத்துக்குள் அடிக்கடி சந்தித்துக்கொள்கிறார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸ் கதையும் அப்படித்தான். 1970இல் எம்.டெக். முடித்த கிருஷ்ணா சிவுகுலா 2024இல் அந்த நிறுவனத்துக்கு 228 கோடி ரூபாய் கொடுத்ததைக் காட்டி, நாமும் அதுபோல் ஓர் அலுவலகம் திறந்தால் போதும் என்று குழுவில் ஒருவராவது சொல்வார். அங்கே முன்னாள் மாணவர் உறவைக் கவனிக்க ஒரு டீன் இருக்கிறார் என்பதும், உறைவிட வளாகத்தில் உருவாகும் நெருக்கம் நம் இணைவு அமைப்பில் கிடையாது என்பதும் அவர் கண்ணில் படாது. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அலுவலகத்தின் தொடர்ச்சியை, தொகையை அல்ல.

இனி, தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன். முதலில் கைவைக்க வேண்டிய இடம் சான்றிதழ்ப் பிரிவு.

பட்டம் வாங்கிப் போன ஒருவர் யாரும் அழைக்காமல், தன் தேவைக்காகவே பல்கலைக்கழகத்தைத் தேடி வரும் ஒரே இடம் அதுதான். தொலைந்துபோன மதிப்பெண் பட்டியலுக்கு நகல் வேண்டும். பெயரில் எழுத்துப் பிழை திருத்த வேண்டும். கனடாவுக்குக் குடிபெயர விண்ணப்பிப்பவருக்கு, படித்த பாடங்களையும் மதிப்பெண்களையும் தொகுத்துக் காட்டும் டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும், அதுவும் வெளிநாட்டுப் பட்டங்களைச் சரிபார்க்கும் வெஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனங்களுக்குப் பல்கலைக்கழகமே உறையில் முத்திரையிட்டோ மின்வழியிலோ நேராக அனுப்ப வேண்டும். அரசுப் பணியில் சேர்ந்த ஆசிரியர்களின் பட்டத்துக்கு உண்மைத்தன்மைச் சான்று வேண்டும். இந்த ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு முன்னாள் மாணவர், அவருடைய இன்றைய முகவரியோடும் அலைபேசி எண்ணோடும் நம் மேசைக்கு வந்து சேர்வது. அந்தத் தகவலை நாம் கோப்பில் வைத்துக் கட்டிவிட்டு, மறுபக்கம் ‘முன்னாள் மாணவர்களைத் தேடுகிறோம்’ என்று விளம்பரம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஜன்னலில் அவருக்குக் கிடைக்கும் அனுபவம்தான் பல்கலைக்கழகத்தைப் பற்றிய அவருடைய கடைசி நினைவாகத் தங்குகிறது. தாராபுரத்தில் விடியற்காலை பஸ் ஏறி வந்தவரிடம் செலான் தவறு, கையொப்பமிட வேண்டியவர் விடுப்பில் இருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினால், அவர் ஆயுள் உறுப்பினர் சந்தா கட்டுவார் என்று எந்த மென்பொருளும் உறுதி தர முடியாது. எனவே புதிய அலுவலகத்துக்கு முதல் அதிகாரமாக இதைக் கேளுங்கள்: முன்னாள் மாணவர் தரும் எந்தச் சான்றிதழ் விண்ணப்பமும் எந்த மேசையில் இருக்கிறது என்பதைப் பார்க்கும் உரிமையும், தாமதமானால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் காரணம் கேட்கும் உரிமையும். தேர்வுப் பிரிவு இதை எளிதில் விட்டுக்கொடுக்காது. மதிப்பெண் பதிவேட்டின் பாதுகாப்பு என்று அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. எனவே பதிவேட்டைத் திருத்தும் உரிமை வேண்டாம், விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்கும் உரிமை மட்டும் போதும் என்று எழுதிக் கொடுத்துத் துணைவேந்தரின் ஆணையாக வாங்குங்கள். அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் ஏறிய பட்டங்களுக்கு இந்தச் சுமை குறையும். பழைய ஆண்டுகளுக்குக் குறையாது. ஐம்பது வயதுக்காரர்களுக்குத்தான் பழைய ஆண்டுகளின் காகிதம் தேவைப்படுகிறது. கொடுக்கும் நிலையில் இருப்பவர்களும் அவர்களே என்பதைக் குழுவில் உள்ள நிதி அலுவலருக்கு நினைவூட்டலாம்.

கொங்கு நாட்டுக் கல்யாண வீடுகளில் மொய் நோட்டைப் பத்திரப்படுத்தி வைப்பார்கள். யார் எவ்வளவு எழுதினார்கள் என்பதைவிட, நாம் அவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்தோமா என்பதற்காகவே அது புரட்டப்படும். நம் பல்கலைக்கழகங்களின் நோட்டில் வரவுப் பக்கம் மட்டுமே இருக்கிறது. சான்றிதழ்ப் பிரிவைச் சீராக்குவது செய்முறைப் பக்கத்தைத் திறப்பதாகும்.

அலுவலகம் வேண்டுமா என்று கேட்டீர்கள், வேண்டும். இப்போது பெரும்பாலான இடங்களில் நடப்பது என்னவென்றால், ஒரு பேராசிரியருக்கு ‘கூடுதல் பொறுப்பு’ என்று ஆணை போகும். அவர் வகுப்பும் ஆய்வு மாணவர்களும் போக மிஞ்சிய நேரத்தில் ஆண்டு விழாவை நடத்துவார். ஈராண்டில் பொறுப்பு மாறும். அவருடைய கைப்பேசியில் இருந்த தொடர்புகளும் அவரோடு போய்விடும். உறவு ஆளோடு போகாமல் அலுவலகத்தோடு தங்க வேண்டும் என்பதற்காகவே தனிப் பிரிவு தேவைப்படுகிறது. முழுநேர அலுவலர் ஒருவரும், தரவைப் பராமரிக்க ஒருவரும், சான்றிதழ் உதவி மேசைக்கு ஒருவரும் இருந்தால் தொடங்கிவிடலாம். இயக்குநராகப் பேராசிரியர் ஒருவரை வைப்பதில் தவறில்லை. ஆனால் அவருக்கு வகுப்புச் சுமையைக் குறைத்து, குறைந்தது மூன்றாண்டுப் பொறுப்பு கொடுக்க வேண்டும். வேலைவாய்ப்புப் பிரிவுக்குள் இதைச் செருகிவிடலாம் என்ற யோசனை வரும். அதை ஏற்காதீர்கள். அங்கே போனால் முன்னாள் மாணவர் அனைவரும் ‘ஆள் எடுக்கும் கம்பெனிக்காரர்’ ஆகிவிடுவார்கள். ஆள் எடுக்கும் நிலையில் இல்லாத பெரும்பான்மையினர் மறுபடி மறக்கப்படுவார்கள்.

துறைகளைப் பொறுத்தவரை, ஒவ்வொரு துறையிலும் ஓர் இளம் ஆசிரியரைத் தொடர்பாளராக நியமித்து, அந்தப் பணிக்கு அவருடைய பதவி உயர்வுக்கான பணிப் பதிவில் இடம் கொடுங்கள். பலனில்லாத பொறுப்பை யாரும் மனம்வைத்துச் செய்ய மாட்டார்கள்.

பழைய சங்கம் பற்றி. உலகெங்கும் மூன்று வகை ஏற்பாடுகள் உண்டு: பல்கலைக்கழகத்தின் பிரிவாகவே இயங்குவது, முற்றிலும் தனித்த பதிவு பெற்ற சங்கமாக இயங்குவது, இரண்டும் தனித்தனியாக இருந்து ஒப்பந்தத்தால் இணைந்து செயல்படுவது. நம் சூழலுக்கு மூன்றாவதே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. சங்கத்தை முழுக்க விழுங்கிவிட்டால், அரசு மாறும்போதும் துணைவேந்தர் மாறும்போதும் எல்லாம் நின்றுபோகும். துணைவேந்தர் பணியிடம் காலியாக இருக்கும் மாதங்களில் எந்தக் கோப்பும் நகராது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முழுக்க விட்டுவிட்டால், சங்கம் ஒரு சில நண்பர்களின் கூட்டமாகச் சுருங்கும். உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று வழங்கும் தேசிய அமைப்பான நாக் (NAAC) நடத்தும் மதிப்பீட்டில் ஐந்தாம் அளவுகோலின் கீழ் முன்னாள் மாணவர் ஈடுபாட்டுக்கென ஒரு கூறு இருந்துவந்திருப்பதும், பதிவு பெற்ற சங்கம் இருக்கிறதா, அதன் பங்களிப்பு என்ன என்று அது கேட்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பல சங்கங்கள் அந்தக் கட்டத்தை நிரப்புவதற்காகவே பிறந்தவை. மதிப்பீட்டுக் குழு வந்து போனதும் உறங்கிவிடுகின்றன.

உங்கள் சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ் பதிவானதாகவே இருக்கும். அந்தச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேற்படக் கூடாது. ஆண்டுதோறும் கணக்கும் குழு உறுப்பினர் விவரமும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கலாக வேண்டும். முதலில் அந்தத் தாக்கல்கள் நிலுவையில்லாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். நிலுவை இருந்தால் பழைய பொறுப்பாளர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல், பல்கலைக்கழகச் செலவில் ஒரு பட்டயக் கணக்கரை வைத்துச் சரிசெய்து கொடுங்கள். யாரும் கேட்காத காலத்தில் தம் கைக்காசைப் போட்டு வாடகை நாற்காலிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் பணம் கொடுத்தவர்கள் அவர்கள். அடுத்த தேர்தலுக்கு விதித் திருத்தம் செய்து, பத்தாண்டுக்கு ஒரு தொகுதி என்று பிரித்து ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் குறைந்தது ஒருவர், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று வைத்தால், நீக்கும் பேச்சே இல்லாமல் குழுவின் முகம் மாறும்.

ஒரு வழக்கத்தை மட்டும் உடனே நிறுத்தச் சொல்வேன். மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் மாணவரிடம் ‘அலும்னி கட்டணம்’ என்று ஒரு தொகையைச் சேர்த்து வாங்கி, எல்லாரையும் ஆயுள் உறுப்பினர் ஆக்கிவிடுவது. பதிவேடு தடிக்கும், உறவு முளைக்கும்போதே கசந்துவிடும். கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய முதல் தலைமுறைப் பட்டதாரியிடம், வாசலைத் தாண்டும் கடைசி நாளிலும் கையேந்துகிறோம். முதல் ஐந்தாண்டு இலவச உறுப்பினர் என்று வைப்பதால் சங்கத்துக்கு இழப்பு ஒன்றும் பெரிதில்லை.

மென்பொருளை இப்போது வாங்காதீர்கள். முதலாண்டுக்கு நல்லதொரு விரிதாளே போதும். இங்கே உண்மையான சிக்கல் கருவியில் இல்லை, பெயர்களில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்தும் பெயரும்தான். ஒரே ஆண்டில், ஒரே துறையில் இரண்டு எஸ். கார்த்திகேயன் இருப்பார்கள். பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்து விரிந்து தந்தை பெயர் முன்னாலோ பின்னாலோ வந்து நிற்கும். பெண்களுக்குத் திருமணத்தோடு தலைப்பெழுத்து மாறும், ஊர் மாறும், பெரும்பாலும் எண்ணும் மாறும். நம் பட்டியல்களில் காணாமல் போனவர்களில் பெரும்பகுதி பெண்கள் என்றால் அதற்கு இதுவே முதல் காரணம்; அழைப்பு போகாததால் வரவில்லை, வராததால் அக்கறையில்லை என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். ஆகவே ஒவ்வொருவருக்கும் தேர்வுப் பதிவெண்ணையே நிரந்தர அடையாளமாக வைத்து, படித்த காலத்துப் பெயர், இன்றைய பெயர், கல்லூரி, துறை, முடித்த ஆண்டு, சொந்த ஊர், இப்போதிருக்கும் ஊர், தொழில், தொடர்பு எண் என்று எழுதுங்கள். சொந்த ஊர் என்ற கட்டத்தை விட்டுவிடாதீர்கள். பெருந்துறைக்காரர் டல்லாஸில் இருந்தாலும், அவருடைய தோட்டமும் பெற்றோரும் பெருந்துறையில்தான் இருப்பார்கள். அவர் எப்போது வருவார் என்பதை ஊர்தான் சொல்லும்.

வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு செட்டுக்கும் ஏற்கெனவே ஒரு குழு இருக்கிறது. அதற்குள் பல்கலைக்கழகம் நுழையக் கூடாது. அங்கே நடக்கும் கிண்டலும் பிறந்தநாள் வாழ்த்தும் ஓர் அலுவலரின் எண் உள்ளே வந்தால் நின்றுவிடும். குழுவை நடத்துபவரை மட்டும் அடையாளம் கண்டு, செய்தி கொண்டுசேர்ப்பவராக அவரை மதித்து வைத்துக்கொண்டால் போதும். அவரிடமிருந்து எண்களை மொத்தமாக வாங்கிப் பதிவேற்றுவதும் வேண்டாம். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காகத் தகவல் வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்றும், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற வழி வேண்டும் என்றும் சொல்கிறது. சான்றிதழ் விண்ணப்பத்திலும் அதே விதிதான்: ‘முன்னாள் மாணவர் செய்திகளுக்கு என் எண்ணைப் பயன்படுத்தலாம்’ என்ற தனிக் கட்டம் ஒன்று இருக்க வேண்டும், அதில் குறியிடாவிட்டாலும் சான்றிதழ் தாமதமாகக் கூடாது.

இனி, அவர்களை எதற்காக அழைப்பது. ஆண்டுக் கூட்டத்துக்கு ஆள் குறைகிறது என்றால், வந்தவர்களுக்கு அங்கே வேலை எதுவும் கொடுக்கவில்லை என்று பொருள். பொன்னாடை, குத்துவிளக்கு, மூன்று நீண்ட உரைகள், சாப்பாடு. பகல் முழுவதும் இப்படிப் போனால் அடுத்த ஆண்டு ஏன் வருவார்கள்?

இந்த வட்டாரத்தின் சிறப்பு, படித்தவர்களில் பெரும்பகுதியினர் ஊரிலேயே தொழிலில் இருப்பது. கோவையில் பம்பும் மோட்டாரும் வெட்கிரைண்டரும் வார்ப்படமும், திருப்பூரில் பின்னலாடை, கரூரில் வீட்டு உபயோகத் துணிகள், ஈரோட்டில் மஞ்சளும் ஜவுளிச் சந்தையும், நாமக்கல்லில் கோழிப்பண்ணையும் லாரி பாடி கட்டும் பட்டறைகளும், திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள், சேலத்தில் ஜவ்வரிசி. கோவையின் கணபதிப் பகுதியில் பத்துப் பேரை வைத்துப் பட்டறை நடத்தும் முன்னாள் மாணவரை நாம் மேடைக்கு அழைப்பதில்லை. அமெரிக்க நிறுவனத்தில் துணைத்தலைவராக இருப்பவரைத்தான் அழைக்கிறோம். ஆனால் நம் இறுதியாண்டு மாணவருக்கு ஒரு மாதம் பட்டறையில் நின்று வேலை பார்க்க இடம் கொடுக்கக்கூடியவர் கணபதிக்காரர்தான். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைக் கவனிக்கும் வேதியியல் பட்டதாரி, வாரம் ஒரு மணிநேரம் கொடுத்தால் அந்த ஆண்டு எம்.எஸ்சி. மாணவர்களின் ஆய்வுத் தலைப்புகளே மாறிவிடும். கழிவுநீரை வெளியே விடாத பூஜ்ய வெளியேற்றம் பற்றிப் புத்தகத்தில் இல்லாதது அவரிடம் இருக்கிறது. இவர்களிடம் கேட்கும்போது அளவோடு, தேதியோடு, செய்து முடிக்கக்கூடிய ஒன்றாகக் கேளுங்கள்: மார்ச் மாதம் இரண்டு மாணவர்களுக்கு இடம், ஜூலையில் பாடத்திட்டக் குழுவில் ஒரு நாள், ஆய்வேட்டை வாசித்து ஒரு பக்கக் கருத்து. ‘உங்கள் ஆதரவு வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்டால் எல்லாரும் தாராளமாகத் தலையசைப்பார்கள், அதோடு முடிந்தது.

பெரிய கூட்டத்தைக் குறைத்துச் சிறு கூட்டங்களை ஊர்களுக்குக் கொண்டுபோக வேண்டும். திருப்பூர், ஈரோடு, கரூர், பொள்ளாச்சி, வெளியே சென்னை, பெங்களூரு. பின்னலாடைக்காரருக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு. காலைச் சிற்றுண்டியோடு இரண்டு மணிநேரத்தில் முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஆண்டுச் சந்திப்பை ஆடி மாதத்தில் வைத்துப் பாருங்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் இந்த ஊர்களில் யாரையும் பிடிக்க முடியாது. ஒரே நாளில் மூன்று கல்யாணம் இருக்கும். ஆடியில் கல்யாணம் இல்லை, மண்டபங்கள் காலியாக இருக்கும், வாடகை குறையும். அமெரிக்காவில் பள்ளி விடுமுறைக் காலமும் அதுவே என்பதால் குடும்பத்தோடு வந்திருப்பவர்களும் கிடைப்பார்கள். ஆடிப் பதினெட்டையும் மாரியம்மன் கோயில் நோன்புச் சாட்டு நாட்களையும் மட்டும் விலக்கினால் போதும்.

அழைப்பிதழில் அமைச்சர் பெயரைவிடப் பழைய ஆசிரியரின் பெயருக்கு இழுப்பு அதிகம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஆய்வக உதவியாளர்கள், விடுதிச் சமையல்காரர்கள் ஆகியோரின் பட்டியலை முன்னாள் மாணவர் பட்டியலுக்கு முன்பாகவே தயார் செய்யுங்கள். வயதானவர்களை வீட்டிலிருந்து காரில் அழைத்துவந்து திரும்பக் கொண்டுவிடும் செலவை நிதிநிலைத் திட்டத்தில் தனித் தலைப்பாக எழுதுங்கள். மேடைப் பூக்களுக்கு ஆகும் செலவில் அது அடங்கிவிடும்.

பணம் கேட்பதற்கு வருவோம். மேற்சொன்னவை ஈராண்டு நடந்த பிறகு கேளுங்கள். அதற்குள் செய்து வைக்க வேண்டிய காகித வேலை நிறைய இருக்கிறது. நன்கொடையாளருக்கு 80ஜி என்று எல்லாரும் அறிந்த வரிச்சலுகை கிடைக்க வேண்டுமானால், பெறும் அமைப்பு அறநிறுவனமாக வருமான வரித்துறையில் பதிவாகியிருக்க வேண்டும். சங்க விதிகளில் நோக்கம் உறுப்பினர் நலம் என்று மட்டும் இருந்தால் அது கிடைப்பது கடினம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் அந்தச் சலுகை பொருந்தாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்த சம்பளக்காரர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை என்பதால், வரியைக் காட்டி இளைஞர்களிடம் கேட்பதில் இப்போது பயன் குறைவு.

வெளிநாட்டுப் பணத்தில் பலரும் இடறுகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை செய்பவர், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பாகாது. அவரோடு ஒரே பெஞ்சில் படித்து, அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட நண்பர் அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு; வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அப்படியே. அதை வாங்கச் சங்கத்துக்கு 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு மூன்றாண்டு இயங்கி, அந்தக் காலத்தில் 15 லட்சம் ரூபாயாவது நோக்கத்துக்காகச் செலவிட்டிருக்க வேண்டும். பணம் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தொடங்கும் தனிக் கணக்குக்கு மட்டுமே வரலாம். பொறுப்பாளர் ஒருவர் ஆர்வத்தில் தன் சொந்தக் கணக்கில் வாங்கிச் சங்கத்தில் சேர்த்துவிடலாம் என்று சொன்னால் உடனே தடுத்துவிடுங்கள்.

உள்ளூர் நிறுவனங்களை நடத்தும் முன்னாள் மாணவர்களிடம் தனிநபர் நன்கொடையைக் காட்டிலும், 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவின்படி அவர்கள் செலவிட வேண்டிய இரண்டு விழுக்காட்டுச் சமூகப் பொறுப்பு நிதியை (சி.எஸ்.ஆர்.) பற்றிப் பேசலாம். அதைப் பெற விரும்பும் சங்கம், நிறுவன விவகார அமைச்சகத்தில் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சட்டக் கடமை பெரிய நிறுவனங்களுக்கே உரியது; பெரும்பாலான நம் பட்டறைகள் அந்த வரம்புக்குள் வராதவை. பட்டறைக்காரரிடம் போய் சி.எஸ்.ஆர். என்று பேசினால் சிரிப்பார். அவரிடம் ஒரு மாணவருக்கான ஓராண்டு விடுதிக் கட்டணம் இவ்வளவு என்று சொல்லிக் கேளுங்கள். கொடுத்த பிறகு, அந்தப் பணம் எதற்குப் போயிற்று என்று ஒரு பக்கக் கடிதம் ஆறு மாதத்துக்குள் அவருக்குப் போக வேண்டும். கட்டடத்தில் பெயர்ப்பலகை வைப்பதைவிட இது அதிகம் பேசும் என்று நினைக்கிறேன்; மறுப்பவர்களும் உண்டு, பெயர்ப்பலகையை விரும்பும் பெரியவர்களும் உண்டு.

வெற்றியை எப்படி அளப்பது என்று ஆட்சிக்குழு கட்டாயம் கேட்கும். வந்த தொகையை மட்டும் காட்டினால் முதல் மூன்றாண்டும் தோல்வியாகத் தெரியும், பிரிவை மூடிவிடுவார்கள். அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட, 1974இல் உருவான கேஸ் என்ற கல்வி மேம்பாட்டு அமைப்பு ஈடுபாட்டை நான்காகப் பிரித்து எண்ணுகிறது: கொடை, தன்னார்வப் பணி, நிகழ்வுகளில் பங்கேற்பு, தகவல் தொடர்பு. இந்த நான்கையும் நம் மூன்று வட்டங்களுக்கும் தனித்தனியே எழுதுங்கள். அதற்கு மேல் நாமே சேர்க்க வேண்டியவை இரண்டு. பெண்களின் பங்கு எவ்வளவு, சான்றிதழ் விண்ணப்பம் முடிய ஆகும் நாட்கள் எத்தனை. இரண்டாவது எண் குறையாமல் மற்ற எண்கள் உயர்ந்திருந்தால், அந்த அறிக்கையைத் தயாரித்தவரிடம் விவரம் கேளுங்கள்.

குழுவின் முதல் கூட்டத்துக்குப் போகும் முன், சான்றிதழ்ப் பிரிவில் சென்ற ஆண்டு வந்த விண்ணப்பங்களின் பதிவேட்டை ஒருமுறை பார்க்க அனுமதி வாங்குங்கள். எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு, எதற்காக, எத்தனை நாளில் முடிந்தது என்ற நான்கு விவரங்களை அட்டவணையாக்கி முதல் பொருளாகக் கூட்டத்தில் வையுங்கள்; அலுவலகத்துக்கு எத்தனை பேர் தேவை என்ற விவாதத்தை அந்த அட்டவணையிலிருந்தே தொடங்கலாம்.